விலா எலும்பு முறிந்த 82 வயது அம்மா: ஃப்ரெயில்ட்டி ஸ்கோர் 5-ஆ, 7-ஆ?

ட்ராமா வார்டு செவிலி:
பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலப்பக்கம் 4 விலா எலும்பு முறிவு. வந்தபோது பி.பி. 112/70, நாடி 76. திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டியிருப்பதால் ராக்வுட் ஃப்ரெயில்ட்டி அளவுகோலில் (முதுமைத் தளர்ச்சிக்கான 1 முதல் 9 வரை மதிப்பெண்; எண் கூடினால் தளர்ச்சி அதிகம்) 7 என்று எழுதியிருக்கிறார்கள். மகளோ, "அம்மா தானேதான் குளிப்பாங்க, மாத்திரைக்கும் பாங்க் வேலைக்கும்தான் நான்" என்கிறார். எது சரி?

முதியோர் மருத்துவம்:
சிஸ்டர், 7 தப்பு. விழுவதற்கு 2 வாரம் முன்பு எப்படி இருந்தார் என்பதற்குத்தான் ஸ்கோர். அடிபட்டுக் கிடப்பவர் எல்லாருமே 7 போலத்தான் தெரிவார்கள். மகள் சொல்வதைப் பார்த்தால் 5. குளிக்கவும் உதவி தேவைப்பட்டிருந்தால் 6. "நல்லா இருந்தாங்களா?" என்று கேட்காதீர்கள், எந்த வீட்டிலும் "ஆமா" என்றுதான் பதில் வரும். கடைசியாகத் தனியாகக் கடைக்குப் போனது எப்போது, மாத்திரையை எடுத்துத் தருவது யார் என்று கேளுங்கள்.

எமர்ஜென்சி:
எனக்கு ஸ்கோரைவிட அந்த நாடிதான் உறுத்துகிறது. அட்டெனலால், மெட்டோபுரொலால் மாதிரி நாடியைக் குறைக்கும் பி.பி. மாத்திரை எடுப்பவருக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாது. வழக்கமாக பி.பி. 160 இருப்பவருக்கு 112 என்பதே சரிவு. ரத்தத்தில் லாக்டேட் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறுவது) பாருங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்டா? இருந்தால், தெளிவாகப் பேசினாலும் தலைக்கு சி.டி. எடுங்கள். வயதில் மூளை சுருங்கி மண்டைக்குள் இடம் இருப்பதால் ரத்தக் கசிவு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

பிசியோ:
இவர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் முறிவு இல்லை, பின்னால் வரும் நிமோனியா. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், இரும மாட்டார்கள், சளி தேங்கும். அதனால் முதலில் வலி: நரம்பு பிளாக் (அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும் ஊசி) கிடைத்தால் நல்லது. பாராசிட்டமால், எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. மார்ஃபின் வகை குறைந்த அளவில், கூடவே மலமிளக்கி. வலி அடங்கியதும் அன்றே நாற்காலியில் உட்கார வையுங்கள்.

ட்ராமா வார்டு செவிலி:
நன்றி. 5 என்று மாற்றச் சொல்கிறேன். 5 என்றால் ஐ.சி.யூ. இல்லை என்று அர்த்தமா?

முதியோர் மருத்துவம்:
அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. 5 என்றால் உடம்பில் தாங்கும் சக்தியின் சேமிப்பு குறைவு. சின்னத் தவறுக்கும் பெரிய விலை. கண்ணாடி, பல்செட், காதுமெஷினை வீட்டிலிருந்து வரவழையுங்கள். தேவையில்லாத சிறுநீர்க் குழாயை எடுத்துவிடுங்கள். பகலில் "சமத்தாத் தூங்குறாங்க" என்றால் எழுப்பி, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சத்தம் போடாத டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்)தான் வார்டில் அதிகம் தப்பிப் போகிறது.