கொரோனாக் காலத்தில் வீட்டில் இதய நோயாளி இருந்தாரா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கம்பை, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். கொரோனாவில் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கொரோனா வராமலே அந்த இரண்டு வருஷமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த இதய நோயாளிகளைப் பற்றி நம் பர்மாத் தமிழர்கள் எழுதி நான் பார்க்கவில்லை. அம்மாவுக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததை நீங்களும் எழுதுங்கள்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப்போனது. 2012இல் மெட்ராஸ் போய் உலோக வால்வு வைத்துக்கொண்டு வந்தோம். கரண்ட் போன ராத்திரிகளில் ஃபேன் சத்தம் நின்றதும், பக்கத்தில் படுத்திருந்தால் அந்த வால்வு டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். வால்வில் ரத்தம் உறையக் கூடாது, ரொம்ப நீர்த்தும் போகக் கூடாது. ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை போய் ரத்தம் கொடுப்போம். எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் 8 வருஷக் கணக்கும் இருந்தது.

2020 மார்ச் 23 அன்று நம் நாட்டில் முதல் 2 பேருக்குக் கொரோனா உறுதியானது. அதற்கு அப்புறமும் நாங்கள் ஒரு மாதம்கூட ரத்தச் சோதனையைத் தவறவிடவில்லை. செப்டம்பரில்தான் எல்லாம் நின்றது. யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, கடைக்கு என்றால் வீட்டுக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் என்றார்கள். சரி, இரண்டு பேர் போகலாமே என்று கிளம்பினால், நாங்கள் போகும் லேபில் ஒருவருக்குத் தொற்று என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் கொரோனா சோதனை முடிவு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். "வேண்டாம்மா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மாவே சொல்லிவிட்டார். 7 வாரம் அந்த நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

அந்த 7 வாரமும் எங்கள் தெருவுக்குள் தவறாமல் வந்தது புளிச்சக்கீரையும் வள்ளைக்கீரையும்தான். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினை வேலை செய்ய விடாது. அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், டாக்டர் அதற்குத் தகுந்தபடி மாத்திரையைச் சரிசெய்துவிடுவார். தினமும் கீரை என்று ஆனதும் அந்த அளவு போய்விட்டது. எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை.

நவம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். தெருமுனை கிளினிக்கில் அசித்ரோமைசின் கொடுத்தார்கள், வேளைக்கு 2 பாராசிட்டமால் கொடுத்தார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று சொன்னேன். அங்கிருந்த கூட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அந்த இரண்டு மருந்துமே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. வாய்க்குச் சோறும் பிடிக்கவில்லை, கீரையும் நின்றது. ஐந்தாம் நாள் காலை பல் தேய்க்கும்போது வாயெல்லாம் ரத்தம். பிரஷரைப் பார்க்கலாம் என்று கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். கழற்றிப் பார்த்தால், பட்டை இருந்த இடம் சுற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது. பட்டையின் தையல் கோடுகூடத் தோலில் தெரிந்தது.

கையைப் போட்டோ எடுத்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு வைபரில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார். அன்றைக்கும் மறுநாளும் வார்ஃபரினை நிறுத்தச் சொன்னார். அவருக்குத் தெரிந்த லேப் தம்பி ஒருவர் தலையிலிருந்து கால் வரை கவச உடை போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். ஐ.என்.ஆர். 6.4. மூளையில் கசிந்திருந்தால் அம்மா இன்று இல்லை. அம்மாவுக்கு வந்த காய்ச்சல் கொரோனாவே இல்லை.

மோல்மின்

அக்கா, அந்தக் கையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

2021 ஜூலை. அப்பாவுக்கு 61 வயது, எங்களுக்கு டீக்கடை. ராத்திரி 2 மணிக்குத் தாடையில் வலி என்று எழுந்தார். பல்வலி என்று நினைத்துக் கிராம்பை அடக்கிக்கொண்டார். 4 மணிக்குப் பார்த்தால் சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. நெஞ்சில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போனா கொரோனா வார்டுல போட்டுடுவாங்கடா. அப்புறம் மூட்டையாக் கட்டிக் கொண்டுபோய் எரிச்சிடுவாங்க. உங்கம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டமாட்டாங்க. என்ன ஆனாலும் இங்கேயே ஆகட்டும்" என்றார். முந்தின வாரம் அடுத்த தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்திருந்தது. அதனால் அப்பாவை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியாத நேரம் அது.

விடிந்தது. வலி குறைகிறது என்றார், பிறகு இல்லை என்றார். 10 மணிக்குச் சித்தப்பா வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அப்பாவைத் தூக்கிச் சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், உட்காரவைத்தார். தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். தொற்று இல்லை. அதற்கு அப்புறம்தான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அப்போது மணி 11. மாரடைப்பு வந்து 9 மணி நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். 12 மணி நேரம் வரை போடலாமாம், ஆனால் முதல் 2, 3 மணி நேரத்தில் போட்டால்தான் இதயத் தசையை நன்றாகக் காப்பாற்ற முடியுமாம்.

அப்பா பிழைத்தார். எக்கோ எடுத்தபோது இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 35 சதவீதம் என்று வந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். இப்போது கல்லாவில் மட்டும் உட்காருகிறார். மாடிப்படி ஏறுவதில்லை.

அமெரிக்காவில் 9 பெரிய மையங்களில் கணக்கெடுத்தார்களாம். கொரோனா தொடங்கிய நேரத்தில், பெரிய மாரடைப்புக்கு அவசரமாக ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை 38 சதவீதம் குறைந்திருந்தது என்று பின்னால் படித்தேன். ஊரில் மாரடைப்பா குறைந்திருக்கும்? எங்கள் அப்பாவைப் போல எத்தனை பேர் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தார்களோ என்றுதான் தோன்றியது. சித்தப்பா மாதிரி நான் 4 மணிக்கே தூக்கியிருக்க வேண்டும்.

மிங்கலா மார்க்கெட், ரங்கூன்

நான் மொத்த மருந்துக் கடையில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். கடையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஒரு வதந்தி பேஸ்புக்கில் சுற்றியது. லொசார்டான், எனாலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொரோனா சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், உடனே நிறுத்துங்கள் என்று. அதற்குக் காரணம், வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய ஏ.சி.இ.2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, இந்த மாத்திரைகளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் அப்போது இருந்தது. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் மார்ச் 13 அன்றே, நிறுத்தாதீர்கள், தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டது. பிரேசிலில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்ததிலும், மாத்திரையை நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை என்று தெரிந்தது. இதெல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள் காதுக்கு எப்போது வந்து சேரும்? ஒரு பெரியவர் 3 வாரம் நிறுத்திவிட்டு வந்தார். கடையிலேயே பிரஷர் பார்த்தேன், 200க்கு மேல். கையோடு டாக்டரிடம் அனுப்பினேன்.

2021 ஜூலையில் எல்லோரும் டெக்சாமெத்தசோன் கேட்டார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்குத்தான் அது உயிர் காக்கும் மருந்து. சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பலன் இல்லை. இதயம் பலவீனமானவர் தானாக வாங்கிச் சாப்பிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், சர்க்கரையும் ஏறும். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று நான் சொன்னால், பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் மனதை விட்டுப் போகாதவர் வேறு ஒருவர். இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து 8 மாதம் ஆனவர். ஒரு டாலர் நம் பர்மாப் பணத்தில் 1,330 சாட்டாக இருந்தது, அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் 2,500ஐத் தாண்டியது. இந்தியாவிலிருந்து வரும் மருந்தெல்லாம் விலை ஏறிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கியவர் அட்டையில் பாதி கேட்டார். பிறகு 5 மாத்திரை கேட்டார். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன். வெட்டும்போது தேதி அச்சடித்த பக்கம் எங்களிடம் நின்றுவிடும், அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியை எழுதிச் சேர்த்துக் கொடுப்பேன். 5 மாத்திரை வாங்கினவர் 10 நாள் கழித்துத்தான் வந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. குளோபிடோக்ரெலை அப்படிச் சாப்பிட்டால் ஸ்டென்ட் உள்ளேயே அடைத்துவிடும் அண்ணே என்றேன். "தெரியும் தம்பி, அரிசியும் வாங்கணுமே" என்றார். முதலாளியிடம் சொன்னேன். அதற்கு அப்புறம் அவருக்கு வாங்கின விலைக்கே கொடுத்தோம். ஒரு மாதம் வந்தார், பிறகு வரவில்லை. எந்தப் பேட்டையில் இருந்தார் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தாக்கேத்தா, ரங்கூன்

எங்கள் ஆயாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும். அதே 2021 ஜூலை. சாப்பாடு வேண்டும் என்றால் மஞ்சள் துணி, மருந்து வேண்டும் என்றால் வெள்ளைத் துணி என்று ஜனங்கள் வாசலில் கட்டிய நாள்கள். ஆயாவுக்கு மூச்சு வாங்கியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் 88. வீடே கொரோனா என்று முடிவு கட்டிவிட்டது. அண்ணன் ஆக்சிஜன் கம்பெனி வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றான். 40 லிட்டர் சிலிண்டர் முழுசாக நிரப்பினால் சுமார் 6,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 5 லிட்டர் விட்டால் 20 மணி நேரம்தான் வரும். அதற்கு அம்மாவின் வளையல் போனது.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார், வாசலோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆயா எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறாங்க?" என்பது. ஒன்றில் படுத்தவர் அந்த வாரம் மூன்று வைத்தும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். காலில் கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். குழி அப்படியே நின்றது. சோதனையில் தொற்று இல்லை. நுரையீரலில் நீர். வெளியே காய்கறி கிடைக்காததால் ஒரு மாதமாக வீட்டில் ஙப்பி என்ற மீன் விழுதும் கருவாடும் சோறும்தான். அத்தனையும் உப்பு. உடம்பில் சேரும் நீரை மூத்திரமாக வெளியேற்றும் நீர் மாத்திரையும் 5 நாளாகத் தீர்ந்துபோயிருந்தது, ஆயா யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போனால் பிள்ளைகளுக்கு நோய் வந்துவிடும் என்று பயம்.

டாக்டர் நரம்பில், நீரை வெளியேற்றும் ஊசி போட்டார். விடியும் வரை ஆயா எழுந்து எழுந்து மூத்திரம் போனார். மறுநாள் 95. அன்றிலிருந்து தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்துச் சுவரில் கரியால் எழுதுகிறோம். 3 நாளில் 2 கிலோ ஏறினால் கொழுப்பு இல்லை, நீர், உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்த ஆக்சிஜனை எதிர்வீட்டுக்குக் கொடுத்தோம், அவர்களுக்கு உண்மையாகவே கொரோனா.

கம்பை, ரங்கூன்

மூன்று பேருக்கும் நன்றி. மோல்மின் தம்பி, 4 மணிக்குத் தூக்கியிருக்க வேண்டும் என்று இனி நினைக்காதீர்கள். கர்ஃப்யூ விட்டும் விடாத நேரத்தில், அப்பா வேண்டாம் என்று சொல்லும்போது, யாராக இருந்தாலும் தயங்கத்தான் செய்வார்கள். ஆயா வீட்டுத் தலையணைக் கேள்வியை நான் நோட்டில் எழுதிவைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சின்ன மெஷினைச் சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் அனுப்பினான். அதில் செருகி ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப்தான் விலை அதிகம். 30 டிகிரிக்கு மேல் அதை வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் கரண்டும் இல்லாமல் என்ன செய்வது? டப்பாவை இறுக்க மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு மேல் கூடையில் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கிறது. லேப் முடிவோடு 3 முறை ஒத்துப் பார்த்தேன், வித்தியாசம் 0.2க்கு மேல் இல்லை.

கம்பைப் பக்கம் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது சோதனைக்கு வழியில்லாமல் இருந்தால் வாருங்கள். புது ஊசி ஒன்றும் ஸ்ட்ரிப் ஒன்றும் கொண்டுவந்தால் போதும், மெஷின் இருக்கிறது. காலையில் 7 மணிக்கு அம்மாவுக்குப் பார்ப்பேன், அந்த நேரத்துக்கு வந்தால் சேர்த்தே பார்த்துவிடலாம். மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.