பொதுவீட்டுப் பெயிண்ட் வேலை: முன்பணம் அனுப்புமுன் இதைப் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம்.

பங்காளிகள் எல்லாருக்கும் சொந்தமான நம் பொதுவீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் புள்ளிக்கு (கல்யாணமான ஆண்பிள்ளையின் குடும்பம் ஒன்று ஒரு புள்ளி) 8,000 ரூபாய், ஆவணி முடிவதற்குள் அனுப்ப வேண்டும் என்று செயலாளர் அண்ணன் போட்ட மடலைப் பார்த்தேன். அப்பத்தா திதிக்கு ஊருக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். போன இடத்தில் எதிர்வீட்டு ஆச்சியிடம் சாவி வாங்கிப் பொதுவீட்டை ஒரு நடை பார்த்துவிட்டும் வந்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகப் பணம் அனுப்பியிருப்பேன்.

முகப்பில் இடது பக்கத் திண்ணைக்கு மேலே இரண்டு அடிக்கு இரண்டு அடி ஒரு சதுரம். எமரித்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, பாதி ரோஸும் பாதி பிஸ்தாப் பச்சையுமாக அடித்து வைத்திருக்கிறார்கள். சாம்பிளாம். ஏன் தேய்த்தீர்கள் என்று அங்கே நின்ற பையனைக் கேட்டேன். “சுவரு கண்ணாடி மாதிரி இருக்குக்கா, பட்டி பிடிக்கல” என்கிறான். எப்படிப் பிடிக்கும்? அது சுண்ணாம்போடு முட்டைவெள்ளை கலந்து கல்லால் இழைத்த முட்டைவெள்ளைப் பூச்சு. ஈரத்துணியால் துடைத்துவிடுவதைத் தவிர வேறு எந்தச் செலவும் வைக்காத சுவர். சித்திரை வெயிலில் வந்து முதுகைச் சாய்த்தாலும் சில்லென்று இருக்கும். அதைத் தேய்த்த வெள்ளைப் பொடி தரையில், ஆத்தங்குடிக் கல்லில் கிடந்தது. அதன்மேல் யாரோ நடந்த தடமும் இருந்தது.

இரண்டாம் கட்டு இதைவிட மோசம். வடக்குச் சுவரில் ஓதம், அதாவது தரை ஈரம், இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கிறது. முன்பு தரையிலிருந்து ஓர் அடிதான் இருந்தது என்று ஆச்சி சொல்கிறார். நடுவில் யாரோ நல்லது செய்வதாக நினைத்துக் கீழே மூன்று அடிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரின் ஈரம் சிமெண்ட் வழியாக வெளியே வர முடியாமல் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்பாகப் பூத்து நிற்கிறது. விரலால் தட்டினால் மாவு மாதிரி கொட்டுகிறது. ஒரு பாலிதீன் உறையைப் பிரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி அந்தச் சுவரில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் உறைக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். இந்தச் சுவரில் எமல்ஷன் அடித்தால் அடுத்த ஆடிக்குள் அப்பளம் மாதிரி உப்பிக் கழன்றுவிடும்.

மேலே ஓடு சரிந்திருக்கிறது, வளவின் (உள்முற்றத்தின்) மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும் தகரத் தூம்பு ஓட்டை. இதற்கெல்லாம் பெயிண்ட் காண்டிராக்டர் கொடுத்த கொட்டேஷனில் ஒரு பைசா இல்லை. முகப்பு வளைவின் மேலிருக்கும் கஜலட்சுமிக்கு மட்டும் ‘தங்கக் கலர் ஸ்பெஷல்’ என்று 18,000 போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக ஏறி லட்சுமிக்கு ஏற்கெனவே மூக்கு இல்லை. தங்கம் பூசினால் முகமும் போய்விடும்.

வேலையை ஐப்பசியில் தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறது. ஐப்பசியில் நம் பக்கம் மழை பெய்யும் என்று அந்தக் காண்டிராக்டருக்கு யாராவது சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து,
கிணற்றடி வீட்டுப் பெண்

--

மேற்படி கொட்டேஷனை முழுவதும் படித்தேன். செயலாளர் அண்ணன் பதில் சொல்லட்டும்.

ஒன்று: 84 புள்ளி, தலைக்கு 8,000 என்றால் 6,72,000. கொட்டேஷன் 6,40,000. மீதி 32,000 எந்தக் கணக்கில் போகிறது?

இரண்டு: வெளிச்சுவர் 9,200 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். வீட்டின் அகலம் 60, நீளம் 150, பத்திரத்திலேயே இருக்கிறது. சுற்றளவு 420 அடி. உயரம் 14 என்று வைத்தால் 5,880. சன்னல், வாசல் எதையும் நான் கழிக்கவில்லை. அப்புறம், தெற்குச் சுவருக்கும் பக்கத்துப் பர்மா வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சந்துதான் இருக்கிறது. அதற்குள் சாரம் கட்டி எவன் நிற்கப் போகிறான்? அந்த 2,100 அடியைக் கழித்தால் 3,780.

மூன்று: சொரசொரப்பான பழைய சுவர், லிட்டருக்கு 50 சதுர அடிதான் வரும் என்றே வைப்போம், இரண்டு கோட்டும் சேர்த்து. சந்துச் சுவரையும் சேர்த்தே 5,880 அடிக்கு 118 லிட்டர். இருபது லிட்டர் வாளி ஆறு போதும். அவர்கள் எழுதியிருப்பது பன்னிரண்டு. மீதி ஆறு வாளி யார் வீட்டுச் சுவருக்கு?

நான்கு: பெயிண்டுக்கு ஜிஎஸ்டி 2018 ஜூலையிலேயே 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. காண்டிராக்டர் இன்னும் 28 போடுகிறார்.

2019-இல் தட்டோடு மாற்றிய கணக்கும் இன்னும் வரவில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மஸ்கட், வடக்குத் தெரு

--

எல்லாருக்கும் ஹூஸ்டனிலிருந்து வணக்கம்.

ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது கணக்கு, சதுர அடி, சந்து என்று பேசுவது நம் ஊருக்குப் புதிதில்லை. தையில் கோயில் கும்பாபிஷேகம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து நிற்கும். பக்கத்து ஊரில் அவர்கள் பொதுவீட்டைப் பெயிண்ட் அடித்து, லைட் போட்டு, கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு மதிலில் பாசி. போன வருடம் என் சம்பந்தி அதைப் பார்த்து, “வீடு பூட்டிக் கிடக்கோ?” என்று கேட்டார். உங்களில் எத்தனை பேருக்கு அது உறைக்கும் என்று தெரியவில்லை, எனக்கு உறைத்தது.

பழமை பழமை என்றால் பாசியும் பழமைதான்.

காண்டிராக்டர் யார் ஆள் என்று யாரும் சுற்றிவளைத்துக் கேட்க வேண்டாம். என் மைத்துனர்தான் அழைத்து வந்தார். வேறு யாராவது ஓர் ஆளைக் கூட்டி வந்தீர்களா? சிங்கப்பூர்த் தங்கச்சிக்கு வீட்டின் மேல் பாசம் இருப்பது சந்தோஷம். ஆனால் முறைப்படி பார்த்தால் அவருக்குப் புள்ளி மாப்பிள்ளை ஊரில். நம் ஊர்ப் பொதுவீட்டில் என்ன கலர் என்பதைப் புள்ளிக்காரர்கள் முடிவு செய்வதுதான் வழக்கம். இதைச் சொல்வதால் வருத்தப்பட வேண்டாம்.

--

சிங்கப்பூர் ஆத்தா, நீ எழுதியதைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கண் தெரியவில்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டுகிறான். பிழை இருந்தால் அவனுடையது.

எங்கள் காலத்தில் பெயிண்ட் ஏது? மார்கழி பாதியில் பின்கட்டில் குழியைத் திறப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டால் உலை மாதிரி தளதளவென்று கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள், கண்ணில் தெறித்தால் போச்சு. ஆறியபின் பழைய வேட்டியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்ப்பார்கள். சுவர்மேல் முதலில் வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவரில் அடித்தால் கையோடு வந்துவிடும், உச்சி வெயிலில் அடித்தாலும் அப்படித்தான். மட்டையால் அடிக்கும்போது தண்ணீர் விட்ட மாதிரித்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. ‘ஏமாற்றுகிறான்’ என்று எங்கள் ஐயா சத்தம் போடுவார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வந்து பார்த்தால் சுவர் வெளுத்துக் கண் கூசும். மெல்லிசாக மூன்று தடவை. கடைசியில் அடியில் காவிப் பட்டை. அந்தக் காவியை மிதித்துவிட்டு வளவுக்குள் ஓடி நான் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சன்னல் கம்பிகளுக்கெல்லாம் 1978-இல் பச்சைப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தது எங்கள் அப்பச்சி. கையில் இருந்த கடைசிப் பணம். வாசல் கல்வெட்டில் பதினோரு பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று ஹூஸ்டன்காரருக்குத் தெரியும், அவர் அப்பச்சிக்கும் தெரிந்திருந்தது. சரி, செத்தவர்களைப் பற்றி எதற்கு.

பெண்பிள்ளைக்குப் புள்ளி இல்லை என்று எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்கு யாரெல்லாம் விளக்கு வைத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

கோலாலம்பூரிலிருந்து, பெரியவீட்டு ஐயா

--

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 1978 என்று ஐயா எழுதியதைப் பார்த்ததும் ‘திக்’ என்றது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது அதே 1978-இல்தான். நாங்கள் நியூஜெர்சியில் வாங்கியது 1950-களில் கட்டிய வீடு, கையெழுத்துப் போடுமுன் ஈயப் பெயிண்ட் பற்றி ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பச்சைக் கம்பியில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது. வளவில் தினமும் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் உட்காருகிறார்கள் இல்லையா? உலர்ந்த எமரித்தாள் போட்டுத் தேய்த்தாலும், அடுப்பு வைத்துச் சுட்டு உரித்தாலும் அந்தத் தூசும் புகையும் பிள்ளைகள் உடம்புக்குள்தான் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், வாரியதைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிற கம்பியைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடித்துவிடலாம்.

கலர் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

--

மறுபடியும் கிணற்றடி வீடு.

ஹூஸ்டன் அண்ணே, புள்ளி இல்லைதான். கஜா புயலில் ஓடு பறந்தபோது நான் அனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தீர்களே, அதில் ‘புள்ளி எண்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஆனால் உங்கள் சம்பந்தி கேட்டது எனக்கும் உறைக்கிறது. பாசி அசிங்கம்தான். தைக்குள் முகம் தெளிய வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை. சுண்ணாம்பு வேலை பார்க்கிற மேஸ்திரி ஒருவரிடம் போனில் பேசினேன். காரைக்குடிக்கு அருகே மானகிரிப் பக்கம் வேலை செய்கிறார். எண்பது வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் சொன்னது இது.

புரட்டாசிக்குள் ஓடு, தூம்பு வேலை முடிய வேண்டும். அதற்குப் பிறகு மழை விடாது. அதே கையோடு இரண்டாம் கட்டுச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே அம்மணமாக விட வேண்டும். அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும், சம்பந்திகள் யாரும் இரண்டாம் கட்டுக்கு வரமாட்டார்கள். மாசியில் சுண்ணாம்புக் காரை பூசி, குறைந்தது ஒரு மாதம் காயவிட்டு, நான் ஒட்டிய மாதிரி பாலிதீன் ஒட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் கட்டாவிட்டால் பங்குனியில் வெள்ளை. கட்டினால் இன்னும் ஒரு மாதம்.

முகப்பு, மதில், வெளிச்சுவர் மூன்றும் மார்கழிக் கடைசியில். பாசியை நாரால் தேய்த்துக் கழுவி, ஐயா சொன்ன மாதிரி சுண்ணாம்பு மூன்று தடவை. ஈரச் சுவருக்கு எமல்ஷன்தான் ஆகாது, சுண்ணாம்புக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் குற்றமில்லை. கும்பாபிஷேகத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கும், அடியில் காவிப் பட்டையோடு. லட்சுமிக்குத் தங்கம் வேண்டாம். மேலே ஏறியிருக்கிற சுண்ணாம்பை மூங்கில் குச்சியால் உரித்தால் மூக்கு உள்ளேயே இருக்கலாம் என்கிறார் பெரியவர். கம்பிகளைப் பள்ளிக்கூட லீவில் பார்த்துக்கொள்ளலாம், நியூஜெர்சித் தங்கை சொன்ன முறையில். வளவுச் சுவருக்கும் தூணுக்கும் தண்ணீரும் துணியும் மட்டும்.

மஸ்கட் அண்ணனுக்காக மேஸ்திரியை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். தென்புறச் சந்துச் சுவரை அவர் எழுதவில்லை. கேட்டதற்கு, “அங்க வெளிச்சமே போகாது, வெள்ளை எதுக்கு?” என்றார். ஓட்டு வேலைக்கான தொகையை நான் தனியாகத் தருகிறேன். கல்வெட்டில் பெயர் வேண்டாம். போடுவதானால் கம்பிக்குப் பச்சைப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயரைப் போடுங்கள்.

அந்தச் சாம்பிள் சதுரத்தைப் பற்றியும் கேட்டேன். ரோஸையும் பச்சையையும் உரித்து, மறுபடி முட்டைவெள்ளை போட்டுக் கல்லால் இழைத்துத் தருவார்களாம். ஆனால் பழையதோடு சேராது, கட்டின பல் மாதிரி தனியாகத் தெரியும் என்றார் பெரியவர். அவர் சதுரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். மகன் சொன்னது.

சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம்தான் இருக்கிறது. மைத்துனர் வந்து கேட்டாலும் கொடுப்பார். கூடவே உள்ளே போய் நிற்பார், அவ்வளவுதான்.