மறு: ஹீத் நிலத்தில் மாடு பார்க்கும் தன்னார்வலர்களுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஹீத் நிலத்தில் விட்ட மாடுகளைப் போய்ப் பார்க்கும் தன்னார்வலர்களை என் கட்டுரையில் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். நேற்றுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: மேய்ப்பர், கால்நடைக் கண்காணிப்பாளர், மந்தைக் காவலர். மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இந்த ஆட்கள் என்னதான் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன், வேலை தெரியாமல் சொல் தேடினால் அகராதியில் போய் முட்டிக்கொண்டு நிற்போம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், சர்ரே பக்கம். இங்கே ஹீத் என்று சொல்வது, சத்தில்லாத மணல் மண்ணில் ஹெதர் செடியும் மஞ்சள் பூப்பூக்கும் கார்ஸ் முட்புதரும் மண்டிக் கிடக்கும் திறந்தவெளி. பார்த்தால் தானாக உண்டானது போலத்தான் இருக்கும். ஆனால் மனிதர்கள் மரம் வெட்டி, மாடு மேய்த்து, அடுப்பெரிக்கப் புல்வேரோடு மண்கட்டியும் புதரும் வெட்டி, வெண்கலக் காலத்திலிருந்து உண்டாக்கி வைத்த நிலம் அது. மேய்ச்சல் நின்றுபோனால் பிர்ச்சும் பைனும் முளைத்து, ஒரு தலைமுறைக்குள் காடாகிவிடும். காடானால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. டார்ட்ஃபோர்டு வார்ப்ளர் என்ற சின்னக் குருவிக்குக் கார்ஸ் புதர் வேண்டும், பக்கிக் குருவி திறந்த தரையில் முட்டையிடும், மணல் பல்லிக்கு வெயில் விழும் வெறும் மணல் வேண்டும். காட்டுக்குள் இவற்றுக்கு இடமில்லை. பிரிட்டனின் தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 1800க்குப் பிறகு போயே போய்விட்டது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றத்தான் மாடுகளைத் திரும்ப இறக்குகிறார்கள். பெரும்பாலும் பெல்டட் கேலவே என்ற ஸ்காட்லாந்து இனம். மோழை மாடு, கறுப்பு உடம்பு, நடுவில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை.

சரி, மாட்டை விட்டாயிற்று, தினமும் யார் போய்ப் பார்ப்பது? மாட்டுக்காரர் ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் பல பக்கம். அதனால் சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்து, முறைவைத்து அனுப்புகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். முதல் வேலை எண்ணுவது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 11தான் தெரிகிறது என்றால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. பாதி நாள் அது பிர்ச் மரக்கூட்டத்துக்குள் படுத்து நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும், நாம்தான் முள்ளில் கிழிபட்டு நிற்போம்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. எல்லாம் ஒன்றாக நிற்கும்போது ஒன்று மட்டும் ஒதுங்கி நிற்கிறதா, நடக்கும்போது தலை தூக்கித் தூக்கி விழுகிறதா (முன்னங்காலில் நொண்டல் இருந்தால் அப்படித்தான் ஆடும்), கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்து மயிர் ஈரமாகக் கோடு போட்டிருக்கிறதா. இந்தக் கண்நோய்க்கு 'நியூ ஃபாரஸ்ட் ஐ' என்றே பெயர். ஈ பரப்பும். முதலில் கண்ணைச் சுருக்கும், பிறகு கருவிழியின் நடுவில் நீலம் பாரித்த வெள்ளைப் புகை மாதிரி படரும், விட்டால் கண்ணே போய்விடும். சாணி தோசைமாவுப் பதத்தில் இருந்தால் கவலையில்லை, தண்ணீராகப் பீய்ச்சியிருந்தால் எழுதிக்கொள்ள வேண்டும். தொட்டியில் தண்ணீர், வேலி, யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன கேட்டு, காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண் இவ்வளவையும் பார்த்து மாட்டுக்காரருக்கோ இயற்கைக் காப்பகத்து ஊழியருக்கோ சேதி அனுப்பினால் அன்றைய முறை முடிந்தது. மருந்து போடுவது, ஓட்டிப்போவது, பிடித்துக் கட்டுவது எதுவும் இவர்கள் வேலையில்லை, செய்யவும் கூடாது.

இப்போது சில இடங்களில் வேலிக்குப் பதிலாகக் கழுத்துப்பட்டை வந்துவிட்டது. நார்வேயில் ஆடுகளுக்காகத் தொடங்கியது. எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பும், தாண்டினால் லேசாக மின்சாரம் சுண்டும், மாடு நிற்கும் இடம் கைப்பேசியில் தெரியும். பட்டை வந்தபிறகு ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். மாடு எங்கே நிற்கிறது என்று பட்டை சொல்லும், கண்ணில் புகை படர்ந்திருப்பதை அது சொல்லாது.

ஆக, மேய்ப்பர் இல்லை, ஏனென்றால் மேய்க்கவில்லை. அதோடு அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்குத் தேவாலயம் நினைவுக்கு வரும். காவலர் என்றால் போலீஸ். கண்காணிப்பாளர் என்றால் இன்னும் பெரிய போலீஸ்.

இங்கே இவர்களை 'லுக்கரர்' என்கிறார்கள். பிரைட்டன் நகராட்சி புல்மேடுகளில் விட்ட ஆடுகளைப் பார்க்கும் தன்னார்வலர்களுக்கும் அதே பெயர்தான். பழைய சொல். கென்ட் மாவட்டத்து ராம்னி சதுப்பில் மலேரியாவுக்குப் பயந்து பண்ணையார்கள் வெளியூரில் குடியிருக்க, பல பேருடைய ஆடுகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்ட 'லுக்கர்' என்ற ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தங்கிய ஒற்றை அறைச் செங்கல் குடிசைகளில் சில இன்னும் நிற்கின்றன. பார்ப்பவர், அவ்வளவுதான் அதன் பொருள். நமக்கும் அப்படி ஒன்று கிடைக்காதா?

———

மறுமொழி

அண்ணா, வணக்கம்.

கண்காணிப்பாளர் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன காரணம் சிரிப்பாக இருந்தது, என் காரணம் அவ்வளவு சிரிப்பானது இல்லை. நான் இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்களுக்குக் கண்காணி என்ற சொல் கங்காணியாகத்தான் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவர், ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கியவர், கடனை எழுதி வைத்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாமல் துண்டு முறையில் கட்டிப்போட்டவர். துண்டு முறை 1921ல் ஒழிந்தது, சொல்லின் கசப்பு ஒழியவில்லை. கண்காணிப்பு என்று வந்தாலே யாரோ மேலே நின்று கீழே பார்ப்பது போலத்தான் எங்களுக்குக் கேட்கும். சம்பளமில்லாமல் மழையில் போய் மாட்டுக்குக் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

நோட்டம் என்பதிலிருந்து ஏதாவது செய்யலாமா என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் நாணயம் சோதித்தவரை நோட்டக்காரர் என்பார்களாமே. மந்தை நோட்டர்? ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

———

மறுமொழி

நோட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி, ஆனால் எங்கள் சிவகங்கைப் பக்கம் "நேத்து ஒருத்தன் தொழுவத்துப் பக்கம் நோட்டம் விட்டுக்கிட்டிருந்தான்" என்றால் ராத்திரி மாடு களவு போகப்போகிறது என்று பொருள். மாடு பார்க்கப் போகிறவருக்குத் திருடன் பெயர் வைத்த குற்றம் நமக்கு எதற்கு?

கால்நடை மருத்துவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இரண்டு வார்த்தை. கீதாரி என்று வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். கீதாரி அருமையான சொல், ஆனால் ஆள் வேறு. இராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை போய், அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்தான் கீதாரி. எந்த ஊருக்குப் போவது, எந்த வயலில் கிடை போடுவது, கூலி எவ்வளவு என்று முடிவெடுப்பவர். தம்பி எழுதியதைப் பார்த்தால் அந்த ஊர்த் தன்னார்வலர் ஒரு முடிவும் எடுப்பதில்லை, சேதி சொல்வதோடு சரி. அந்தச் சேதி லேசானதில்லை என்பது வேறு விஷயம். மாட்டுக்காரர் கூப்பிடும்போது பாதி நோய் முற்றிப்போயிருக்கும் என்பது எங்கள் தொழிலில் அன்றாடப் புலம்பல்.

இன்னொன்று. நாய் கூட்டிக்கொண்டு நடக்க வருபவர்களிடம் பேசுவதும் இவர்கள் வேலையா? நாயின் கழிவில் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், புல்லோடு அது உள்ளே போனால் பசுவுக்குச் சினை கலையும்.

சொல்லுக்கு வருகிறேன். 'பார்' என்ற வினையை விட்டு ஏன் ஓடுகிறோம்? வைத்தியம் பார்க்கிறார், பிரசவம் பார்த்தார், கணக்குப் பார்க்கிறார், மணியம் பார்த்தார். தமிழில் ஒரு வேலையைப் பொறுப்பாகச் செய்வதற்கே அதுதான் வினை. மந்தை பார்ப்பவர் என்றால் முடிந்தது கதை.

———

மறுமொழி

ஐயா, நாய்க்காரர்களிடம் பேசுவதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, மாட்டுக்குக் குளிருகிறது என்று தொலைபேசியில் பதறுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது. பனிக்காலத்தில் கேலவே மாடு முதுகில் பனியோடு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாகக் கிடக்கிறது என்று கூப்பிடுவார்கள். அதற்கு மேல்மயிர், உள்மயிர் என்று இரண்டு அடுக்கு. அடர்த்தியான உள்மயிர் சூட்டை வெளியே விடாததால்தான் மேலே விழுந்த பனி உருகாமல் கிடக்கிறது. அதை விளக்கிச் சொன்னால் சிலர் நம்புவார்கள், சிலர் இரக்கமில்லாதவர்கள் என்று திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள்.

'பார்' என்பதில் எனக்கு முழுச் சம்மதம், ஆனால் நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டுகளாலேயே ஒரு சிக்கல் வருகிறது. வைத்தியம் பார்க்கிறவர்தான் வைத்தியத்துக்குப் பொறுப்பு, மணியம் பார்த்தவர்தான் மணியக்காரர். அந்தக் கணக்கில் மந்தை பார்ப்பவர் என்றால் மந்தையே அவர் பொறுப்பு என்றாகிவிடும். இங்கே பொறுப்பு மாட்டுக்காரருடையது. ஒரு மாடு செத்துப்போனால் அவரைத்தான் கேட்பார்கள். மாடு பார்க்கப் போகிறேன் என்பதிலும் ஒரு தொல்லை, சந்தைக்கு வாங்கப் போகிறான் என்றுதான் ஊரில் நினைப்பார்கள்.

ஆனால் "வயலைப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்கிறோமே, அதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. போய், சுற்றி, தண்ணீர் நிற்கிறதா பூச்சி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, திரும்பி வந்து சொல்வது. இவர்கள் செய்வது அச்சு அசலாக அதேதான். ஆகவே செயலுக்கு 'மந்தை பார்த்துவருதல்' என்று வைக்கலாம், 'வருதல்' கட்டாயம் இருக்க வேண்டும். ஆளுக்குப் 'பார்த்துவருவோர்' என்று எழுதினால் கட்டுரையில் நான்கு இடத்துக்கு மேல் தாங்காது, அதனால் 'மந்தைப் பார்வையர்' என்று சுருக்கலாம். பார்வையாளர் என்றால் வேடிக்கை பார்க்க வருகிறவர், காப்பகத்துப் பலகையிலும் அந்தப் பொருளில்தான் எழுதுவோம், இது வேறு என்று தெரிய அந்த 'ஆள்' இல்லாமல் இருப்பதே நல்லது. மந்தை என்றால் ஆடு, மாடு, எக்ஸ்மூர் என்ற குட்டைக் குதிரை இனம் எல்லாம் அடங்கும், மாடு என்று போட்டால் அடங்காது. மந்தைப் புத்தி என்ற வசவு யாருக்காவது நினைவுக்கு வந்தால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எண்ணும்போது எழுதும் படிவத்தில் 'விலங்குகளின் எண்ணிக்கை' என்று நேற்று ஒருவர் போட்டிருந்தார். வேண்டாம், 'உருப்படி' என்று போடுவோம், ஆட்டுக்காரர் மாட்டுக்காரர் எல்லோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

தங்கச்சி, நீங்கள் சொன்ன காரணத்தையும் கலைச்சொல் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறேன், பிறகு யாராவது வந்து கண்காணிப்பாளர் என்று மாற்றிவிடாமல் இருக்க. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கட்டுரையில் ஏற்றிவிடுவேன். ஹீத்துக்கு முல்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். முல்லைக்கு எதிராக என்னிடம் ஒரு பக்கத்துக்குச் சரக்கு இருக்கிறது.