எஃப்.ஐ.ஆர். கேட்டுப் போய் சி.எஸ்.ஆர். ரசீதோட (புகார் வாங்கினதுக்கு மட்டும் குடுக்கிற சீட்டு) திரும்பினவங்க இருக்கீங்களா?

கரிச்சான்:
வழக்கமான கதைதான். பைக்ல ரெண்டு பேர், அம்மா கழுத்துச் செயின். அதை விடுங்க, ஸ்டேஷன்ல நடந்ததுதான் இன்னும் அறுத்துக்கிட்டே இருக்கு. 'பறித்துச் சென்றனர்'னு எழுதின புகாரை ரைட்டர் படிச்சுட்டு பேனாவை என் பக்கம் நீட்டினார். "தம்பி, 'காணாமல் போய்விட்டது'னு மாத்திக் குடுத்துடுங்க, வேலை சுலபமா முடியும்." அம்மா பேசவே இல்ல. சேலைத் தலைப்பை விலக்கி, கழுத்துல கன்னிப்போயிருந்த கோட்டைக் காட்டினாங்க. அவர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு சி.எஸ்.ஆர். புத்தகத்தை எடுத்தார். 'பறித்து' அப்படியே இருக்கு. எஃப்.ஐ.ஆர்.தான் இல்ல.

லா பாயிண்ட்:
கரிச்சான், ரசீது கைக்கு வந்ததே பெருசு. என்னை 'எங்க லிமிட் இல்ல'னு வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க. இப்ப கவனிங்க. எல்லை ஒரு காரணமே இல்ல, எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173லயே இருக்கு. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2013ல லலிதா குமாரி வழக்குல சொல்லியாச்சு. நகல் இலவசம், ஜெராக்ஸ் காசுகூட கேக்கக் கூடாது. மறுத்தா எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்புங்க, அனுப்பின ரசீதைப் பத்திரமா வைங்க. அங்கயும் அசையலைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட மனு. எஃப்.ஐ.ஆர். ஆனப்புறம் புலனாய்வு எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள அவங்களே உங்களுக்குச் சொல்லணும், அதே சட்டத்துல 193ஐப் பாருங்க. செயின் பறிப்புக்குப் புதுத் தண்டனைச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு, பி.என்.எஸ். 304. அதைப் புகார்லயே எழுதிடுங்க.

அரைக்கிணறு:
304னு எழுதிக் குடுத்தா அவங்களுக்குத்தான் வசதி சார். அதுக்கு அதிகபட்சமே மூணு வருஷம். மூணு வருஷத்துல இருந்து ஏழுக்குக் கீழ தண்டனை உள்ள குற்றத்துக்கு, எஃப்.ஐ.ஆர். போடறதுக்கு முன்னாடி டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணலாம்னு அதே 173ல மூணாவது உட்பிரிவு இருக்கு. லலிதா குமாரியை மட்டும் தூக்கிட்டுப் போனா மூக்குடைபட்டுத் திரும்புவீங்க. அனுமதி எழுத்துல இருக்கான்னு கேளுங்க, பாதிப் பேருக்கு அது இருக்காது.

என் விஷயம் சின்னது. தங்கச்சியை அடிச்சவனுக்கு ஜாமீன் கிடைச்சதை எங்களுக்கு அவனே தெரியப்படுத்தினான், எங்க வீட்டு வாசல்ல நின்னு ஹார்ன் அடிச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கும் பேச உரிமை உண்டுன்னு உ.பி.ல விவசாயிகள் மேல கார் ஏறின லக்கிம்பூர் கேரி வழக்கு ஜாமீன்ல 2022லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. எங்களை யார் கூப்பிட்டா?

டைனமோ:
பணம் போச்சுன்னா யோசிக்காம உடனே 1930க்கு அடிங்க. தாமதிச்சா அக்கவுண்ட் விட்டு அக்கவுண்ட் ஓடிடும்.

அரைக்கிணறு:
டைனமோ, அது ஆன்லைன் மோசடிக்கு. இங்க போனது செயின்.

ஊமத்தம்பூ:
வீட்டுக்காரரை ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது யாரோ வெட்டிட்டுப் போயிட்டாங்க. யார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நஷ்டஈடு கேட்டுப் போனா கவுன்ட்டர்ல இருந்தவர், "குற்றவாளியே இல்லையேம்மா, யார்கிட்ட வசூல் பண்றது?"னு சிரிச்சார். எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறார். கட்டுக்கு வெளிய தெரிஞ்ச ரெண்டு விரல்ல ஃபைலை இடுக்கிக்கிட்டு.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல ஒரு வக்கீலம்மாதான் பி.என்.எஸ்.எஸ். 396ஐ எடுத்துக் காட்டினாங்க. ஆள் சிக்கலைன்னாலும், கேஸ் விசாரணைக்கே வரலைன்னாலும் பாதிக்கப்பட்டவர் மனு போடலாம், பணம் அரசுத் திட்டத்துல இருந்து வரும். விசாரிச்சு முடிக்க ரெண்டு மாசம்னு சட்டத்துல இருக்கு. எங்களுக்கு அதைத் தாண்டி ரொம்பவே இழுத்தது, ஆனா வந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி போன் நம்பர் 15100ல கேளுங்க.

கரிச்சான்:
அரைக்கிணறு சொன்ன மாதிரி, டி.எஸ்.பி. அனுமதி எழுத்துல இருக்கான்னு இன்னிக்குக் கேட்டேன். ரைட்டர் இன்ஸ்பெக்டர் ரூமைப் பார்த்தார், 'நாளைக்கு வாங்க'ன்னார்.

லா பாயிண்ட்:
போங்க. ஆனா தபாலை இன்னிக்கே போட்டுடுங்க. 304 பத்தி நான் சொன்னதுல மாற்றம் இல்ல, அரைக்கிணறு சார் என்ன சொன்னாலும் சரி.