சாய்ந்த முதுகு அல்சேஷன்: வேலை நாயா, படத்துக்கு நிற்கிற நாயா?

கன்னியாக்காரன்:
திருகோணமலையில குட்டி விக்கிற விளம்பரங்களை ஒருக்கா வரிசையாப் பாருங்கோ. ஜேர்மன் செப்பேர்ட், அதாவது அல்சேஷன் எண்டால் தகப்பன்ட படம் எல்லாத்திலயும் ஒரே மாதிரி. ஒரு பின்னங்கால் வயித்துக்குக் கீழ, மற்றது நல்லாப் பின்னுக்கு, முதுகு கழுத்தில இருந்து வால் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போகும். கீழ "ஷோ லைன், ஃபுல் ஸ்லோப், டபுள் கோட்" எண்டு எழுத்து: மேடைப் போட்டிக்கு வளர்க்கிற வழி, முழுச் சரிவு, இரட்டை மயிர். இந்த மூண்டு சொல்லுக்கும்தான் காசு குடுக்கிறம்.

1899 இல மக்ஸ் வொன் ஸ்டெஃபானிற்ஸ் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கி முதலாவதாப் பதிஞ்ச நாய் ஹொரான்ட் வொன் கிராஃப்ராத். அதின்ட படம் இண்டைக்கும் இருக்கு. முதுகு கிட்டத்தட்ட மட்டம், கால் நீளம், உடம்பு ஒடுங்கல். இண்டைய மேடை நாயை அதுக்குப் பக்கத்தில வைச்சால் ரெண்டும் ஒரே இனம் எண்டு யாரும் சொல்லமாட்டினம். நூறு வருசத்தில ஆட்டுக்காவல் நாயை அழகுப் பொருளாக்கிப் போட்டாங்கள். இல்லை எண்டு சொல்லுறாக்கள் காரணத்தோட சொல்லுங்கோ.

உவர்மலையான்:
காரணத்தோடு சொல்கிறேன். முதலாவது, நீங்கள் பார்க்கிறது நாயை அல்ல, நிற்பாட்டிய விதத்தை. ஒரு பின்காலைப் பின்னுக்கு வைத்து அதன் கணுவுக்குக் கீழ்ப் பகுதியைச் செங்குத்தாக நிறுத்தினால் எந்த நாயின் பின்பக்கமும் பதியும். மட்ட முதுகுள்ள நாயையும் அப்படி நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். அதே மேடை நாயைத் தன்பாட்டில் நிற்கவிட்டால் பாதிச் சரிவு காணாமல் போகும்.

இரண்டாவது, நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த இனத்தின் தரக்குறிப்பு எங்கும் "சரிவு கூடினால் நல்லது" என்று சொல்லவில்லை. ஆண் நாயின் தோள் உயரம் 60 முதல் 65 செ.மீ., எடை 30 முதல் 40 கிலோ, உடல் நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 வீதம் கூட. பிட்டப்பகுதி ஏறத்தாழ 23 பாகை இறங்க வேண்டும். அவ்வளவுதான். ஜெர்மனியில் மேடை நாயாக இருந்தாலும் இனவிருத்திக்கு அனுமதி பெற இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே வேண்டும், 20 கிலோமீற்றர் ஓட்டச் சோதனை வேண்டும், வேலைப் பரீட்சை வேண்டும். இங்கே "ஃபுல் ஸ்லோப்" என்று விற்பவருக்கு அது எதுவும் தேவையில்லை. அது வியாபாரியின் குற்றம், இனவழியின் குற்றம் அல்ல.

மூன்றாவது, சாய்ந்த முதுகு என்றாலே இடுப்பு வருத்தம் என்று முகநூலில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஹிப் டிஸ்பிளேசியா என்பது தொடை எலும்பின் தலை அதன் குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து இருப்பது. லப்ரடோருக்கும் றொட்வைலருக்கும் அது உண்டு. அவற்றின் முதுகு நேராகத்தானே இருக்கிறது?

கன்னியாக்காரன்:
இடுப்புக் குழியும் முதுகுச் சரிவும் வேற வேற எண்டதை ஏற்கிறன். ஆனா நான் கேட்டது இடுப்பை மட்டும் இல்லை. பின்னங்காலின்ட எலும்புக் கணக்கைப் பாருங்கோ. மேடையில நீளமான எட்டு வைச்சு ஓடுற நாய்தான் வெல்லும். நீள எட்டுக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு நீளவேணும். தலைமுறை தலைமுறையா அந்த எலும்பை நீட்டினால், நாய் காலை இடுப்புக்கு நேர கீழ வைச்சு நிக்கேக்க முழங்காலும் கணுவும் கூட மடிஞ்சுதான் நிக்கும். சும்மா நிக்கிறதுக்கே தசை வேலை செய்யவேணும். தசை களைச்சால் கணு உள்ளுக்கும் வெளியிலயும் ஆடும். பின்னால நிண்டு பார்த்தால் சைக்கிள் சில்லு கோணினமாதிரித் தெரியும்.

வேலைப் பரீட்சையில நாய் 1 மீற்றர் தடையைப் பாய்ஞ்சு தாண்டவேணும், 1.80 மீற்றர் சரிவுப் பலகையில ஏறி இறங்கவேணும். கணு ஆடுற நாய் ஏறும். இறங்கேக்க பாருங்கோ.

மேடை நாய்க்கும் அந்தப் பரீட்சை இருக்கு எண்டு சொல்லுறீங்கள், சரி. ஆனா அது ஒரு வாசல். உள்ளுக்கு வந்தாப்பிறகு பரிசு எதுக்கு? நிக்கிற அழகுக்கும் ஓடுற எட்டுக்கும். பாஸ் பண்ணுறதுக்கு வளர்க்கிறது ஒண்டு, பரிசுக்கு வளர்க்கிறது வேற ஒண்டு.

உவர்மலையான்:
அந்த ஓட்டம் மேடைக்காகக் கண்டுபிடித்தது அல்ல, அண்ணை. வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் மேயும்போது ஓரமாக நாள் முழுவதும் மேலும் கீழும் ஓடி, பயிருக்குள் மந்தை இறங்காமல் காப்பதுதான் ஜேர்மன் செப்பேர்டின் மூல வேலை. பாய்ச்சல் ஓட்டம் அதற்கு உதவாது, அரை மணியில் நாய் விழுந்துவிடும். சக்தியைச் சேமிக்கும் நீள எட்டுத்தான் வேண்டும். தோள் எலும்பும் மேற்கை எலும்பும் 90 முதல் 110 பாகையில் சேர வேண்டும் என்று குறிப்பு சொல்வதும் அதற்காகவே. நீங்கள் கேட்கும் பாய்ச்சலும் ஏறலும் பொலிஸ் வேலை. அது பின்னால் வந்தது.

கன்னியாக்காரன்:
அப்ப அந்த ஆட்டுக்காவல் நாய்களுக்கு இந்தச் சரிவு ஏன் இருக்கேல்ல? ஹொரான்டும் அதே வேலைக்கு வந்த நாய்தானே. 1970களில வந்த கான்டோ, குவான்டோ, முட்ஸ் எண்ட மூண்டு ஆண் நாயின்ட வழியிலதான் இண்டைய மேடை நாய் நிக்குது. ஒரு வெற்றி நாயிட்ட எல்லாரும் பெட்டையைக் கொண்டுபோனால் அதின்ட நல்லதும் கெட்டதும் சேர்ந்து பரவும். இனம் முழுக்க ஒரே குடும்பம் ஆகும். அதுக்குப் பிறகு திருத்த நினைச்சாலும் வேற இரத்தம் எங்க?

சீனன்குடா லப்:
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எல்லாரும் மேடையைத்தான் திட்டுறீங்கள். வேலைக்கெண்டு தெரிவு செய்தாலும் உடம்பு மாறும்.

லப்ரடோரை எடுங்கோ. மேடை லப்ரடோர் பீப்பா மாதிரி நெஞ்சு, கட்டையாத் தெரியிற கால். தரக்குறிப்பில ஆண் நாய் 56-57 செ.மீ. உயரம்தான், கால் குறையேல்ல. நெஞ்சும் கொழுப்பும் கூடி அப்படித் தெரியுது. வேட்டை வழி லப்ரடோர் ஒல்லி, நீளக் கால், ஒடுங்கின தலை. தெரியாதாக்கள் கலப்பு எண்டு நினைப்பினம். இதுவரைக்கும் கன்னியாக்காரன் அண்ணை சொல்லுறது சரி.

ஆனா 2016 இல கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லப்ரடோர்களில பொம்சி எண்ட மரபணுவில ஒரு துண்டு இல்லாமல் இருக்கிறதைக் கண்டுபிடிச்சினம். அது உள்ள நாய்க்குப் பசி அடங்காது, எடை ஏறும். நாலில ஒரு லப்ரடோருக்கு அது இருக்கு. ஆகக்கூட எங்க கண்டது எண்டால் மேடை நாய்களில இல்லை, ஊனமுற்ற ஆக்களுக்கு உதவுற நாய்களில. தீனிக்கு வேலை செய்யிற நாய் பழக்க லேசு எண்டு தெரிவு செய்யச் செய்ய, குண்டாகிற மரபணுவும் கூட வந்திட்டுது போல. நோக்கம் சுத்தமா இருந்தாலும் உடம்பில என்ன ஏறுது எண்டு சொல்ல ஏலாது.

மூதூர் றொட்டி:
சைபீரியாவில 1959 இல தொடங்கின நரிப் பரிசோதனையும் அதைத்தானே காட்டினது. மனிசனுக்குப் பயப்படாத நரியை மட்டும் தெரிஞ்சு வளர்த்தாங்கள். தோற்றத்தை ஒருத்தரும் பார்க்கேல்ல. ஆனா வெள்ளைப் புள்ளி வந்தது, வால் சுருண்டது.

நான் கேக்கிறது றொட்வைலர் பற்றி. "பிக் ஹெட், பிக் போன்" எண்டு இப்ப ஒரு பைத்தியம். தரக்குறிப்பில மண்டை ஒண்டரைப் பங்கு, மூக்குப் பக்கம் ஒரு பங்கு. ஆண் நாய் 61 முதல் 68 செ.மீ., ஏறத்தாழ 50 கிலோ. இங்க 65 கிலோ, 70 கிலோ எண்டு பெருமை அடிக்கிறாங்கள், மூக்கு கட்டை, வாய்ச் சதை தொங்கும். நாய் உடம்பைக் குளிராக்கிறது நாக்கை நீட்டி மூச்சிளைக்கிறதாலயும் மூக்குக்குள்ள இருக்கிற ஈரத் தோலாலயும்தான். மூக்கு கட்டையானால் அந்த இடம் குறையும். ஐப்பசி மழைக்குள்ள தெரியாது. கச்சான் காத்து வீசுற ஆடி மாசத்தில பகல் பதினொரு மணிக்கு அந்த நாயை உப்புவெளிக் கடற்கரையில ஓடவிட்டால் மூச்சு இரைஞ்சு விழும். இதில அழகு எங்க இருக்கு எண்டு எனக்கு விளங்கேல்ல.

தோற்றம் சட்டத்தாலயும் மாறும், அது வேற கதை. ஜெர்மனியில 1998 இல வால் வெட்டத் தடை வந்தது. இப்ப அங்க வால் உள்ள றொட்வைலர்தான் சரியான றொட்வைலர். இங்க இன்னும் வால் இருந்தால் "ஒரிஜினல் இல்லை" எண்டு விலை குறைக்கிறாங்கள்!

நிலாவெளி அக்கா:
தம்பிமார், சரிவு, தலை எல்லாம் கதைக்கிறீங்கள். எங்கட வெயிலுக்கு ஆகக்கூடின கரைச்சல் "டபுள் கோட்" எண்டு விக்கிற நீள மயிர். செப்பேர்ட் எல்லாத்துக்கும் உள்மயிர், வெளிமயிர் எண்டு ரெண்டு இருக்கு. அந்தப் பேரில விக்கிறது நீள மயிர் நாயை. அது ஒடுங்கு மரபணு, தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வந்தால்தான் வெளியில தெரியும். ரெண்டு சாதாரண மயிர் நாயும் அதைச் சுமந்தால் நாலில ஒரு குட்டிக்கு நீள மயிர் வரலாம். 2010 இல இருந்து உள்மயிர் உள்ள நீள மயிர் தரக்குறிப்பில ஒரு தனி வகையா ஏற்கப்பட்டிருக்கு, அதனால குறை எண்டு சொல்ல ஏலாது. ஆனா கழுத்துக்குக் கீழயும் காதுக்குப் பின்னாலயும் உண்ணி ஒளிஞ்சிருக்கும், விரலை மயிருக்கு எதிர்ப்பக்கமா விட்டுத் தேடாட்டித் தெரியாது. உண்ணிக் காய்ச்சல் வந்து பல்முரசு வெளிறினாப்பிறகுதான் மிருக வைத்தியரிட்டக் கொண்டோடுறாங்கள். மாரியில அடிமயிர் காயாமல் தோல் அவிஞ்சு புண் வரும். வெயிலுக்கெண்டு மொட்டை அடிக்கவும் வேண்டாம், தோல் எரியும், மயிர் பழையபடி வராமலும் போகும். சீப்பால உள்மயிரைத்தான் எடுக்கவேணும்.

இன்னொண்டு. பிறப்பு மட்டும்தான் எண்டு நினைக்காதேங்கோ. லப்ரடோர் 48 ஐச் சோடி சோடியாப் பிரிச்சு, ஒண்டுக்கு மற்றதை விட 25 வீதம் குறைச்சுச் சாப்பாடு குடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தாங்கள். குறைச்சுத் திண்டது நடுவாக 13 வருசம், கூடத் திண்டது 11.2 வருசம் இருந்தது. இடுப்பு மூட்டு வாதமும் பிந்தித்தான் வந்தது. இங்க என்ன செய்யிறம்? நாலு மாசக் குட்டிக்குச் சோறு, சூடை மீன், அதுக்கு மேல கல்சியம் பாணி. பெரிய இனக் குட்டிக்கு ஆறு மாசம் வரைக்கும் கூடின கல்சியத்தைக் குடல் தடுக்கத் தெரியாது, வந்ததெல்லாம் உள்ள போகும், எலும்பு கோணும். கடையில விக்கிற குட்டித் தீன் குடுத்தால் மேல கல்சியம் போடவே கூடாது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில குட்டியை ஓடவிடவும் வேண்டாம். மூண்டு மாசத்துக்கு முன்னம் படிக்கட்டு ஏறவிட்ட குட்டிகளில இடுப்பு வருத்தம் கூட எண்டு நோர்வே ஆய்வொண்டு சொல்லுது.

உவர்மலையான்:
அக்கா சொன்னதுதான் என் வாதம். நாயின் பின்பக்கம் பலவீனமானால் உடனே "ஷோ லைன்" என்று பெயர் சூட்டுகிறார்கள். எட்டு வயதுக்கு மேல் பின்கால் இழுபடுகிற நாய்க்கு முள்ளந்தண்டு நரம்பு நோயாகவும் இருக்கலாம். சொட் ஒன் என்ற மரபணுவைக் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்தே சோதிக்கலாம். அந்த நோயில் நோவு இருக்காது, பின்பாதம் புரண்டு நகம் தரையில் தேயும். இடுப்பு நோயில் நோவு இருக்கும், எழும்பும்போது தயங்கும். வேலை வழி நாய்க்கும் இரண்டும் வரும்.

கன்னியாக்காரன்:
வரும்தான். அப்ப ஏன் உலகம் முழுக்கப் பொலிசும் படையும் மலினுவா எண்ட பெல்ஜியம் செப்பேர்ட் பக்கம் போகுது? ஆண் 25 முதல் 30 கிலோ, உடம்பு சதுரம், முதுகு மட்டம். செப்பேர்ட் செய்த வேலையை அது இப்ப செய்யுது.

உவர்மலையான்:
முதுகுக்காக மட்டும் போகவில்லை. எடை குறைவு, வேகம், கடிக்கும் வெறி. அந்த வெறிதான் வீட்டில் வைக்க முடியாமல் செய்கிறது. உவர்மலையில் ஆறு பேர்ச் காணிக்குள் மலினுவாவைக் கட்டி வைத்தால் அது தன் வாலைத் தானே கடிக்கும். அதற்கு அமைதியான மேடை வழி நாய் எவ்வளவோ மேல்.

தம்பலகமம் வயல்:
ரெண்டு பேரும் விடமாட்டியள் போல. நான் குட்டி பார்க்கிறன், வயலுக்குப் பன்றி வராமல் குரைக்கவும் வீட்டுக் காவலுக்கும். தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே பார்த்துக் குடுக்கிற ஜெர்மன் முத்திரை இருக்காம், கடதாசி காட்டினாங்கள். காணுமோ?

நிலாவெளி அக்கா:
காணாது தம்பி. முத்திரை எண்டால் மூண்டு தரத்தில ஏதோ ஒண்டு. மூண்டாவது தரம் லேசான டிஸ்பிளேசியா உள்ள, ஆனா இனவிருத்திக்கு விட்ட நாய். எது எண்டு வாசியுங்கோ. தாய்க்கும் எக்ஸ்ரே கேளுங்கோ, தாய் இங்கதானே இருக்கு. படத்திலயே மைக்ரோசிப் நம்பர் பதிஞ்சிருக்கவேணும், பேனையால எழுதினதை நம்பாதேங்கோ. மயக்கம் குடுத்து மல்லாக்கக் கிடத்தி, ரெண்டு தொடை எலும்பும் சமாந்தரமா, முழங்கால் சில்லு நடுவில வர எடுத்ததோ எண்டு பாருங்கோ. மயக்கம் குடுக்காட்டித் தசை இறுகி, தளர்ந்த மூட்டும் நல்லதாத் தெரியும்.

கன்னியாக்காரன்:
அதோட தாயை நீங்களே அளவுங்கோ. மட்டமான சீமெந்துத் தரையில சும்மா நிக்கவிட்டு, ஒருத்தரும் பின்னங்காலைத் தொடாமல். தோள் உச்சியில ஒரு தடியை மட்டமா வைச்சுத் தரைவரைக்கும் உயரம். பிறகு நெஞ்செலும்பு முனையில இருந்து பிட்ட எலும்பு முனை வரைக்கும் நீளம். நீளத்தை உயரத்தால பிரிச்சால் 1.10 க்கும் 1.17 க்கும் இடையில வரவேணும். 1.20 ஐத் தாண்டினால் விட்டிட்டு வாங்கோ. பிறகு தளர்ந்த கயிறில ஒருத்தர் உங்களிட்ட இருந்து விலகி நடத்திக்கொண்டு போக, பின்னால குந்தி இருந்து போனில ஸ்லோ மோஷன். இழுத்துக்கொண்டு ஓடவிடக்கூடாது, இழுக்கேக்க கணு ஆடுறது மறைஞ்சுபோகும்.

உவர்மலையான்:
அந்த அளவும் வீடியோவும் சரியாக வந்து, நாய்க்குச் சரிந்த முதுகும் இருந்தால்?

கன்னியாக்காரன்:
வாங்கட்டும். சரிவுக்கெண்டு கேக்கிற மேலதிகக் காசை மட்டும் குடுக்க வேண்டாம்.

தம்பலகமம் வயல்:
தாயைப் பின்னால இருந்து வீடியோ எடுக்கவேணும் எண்டு இப்ப போன் எடுத்துக் கேட்டன். குட்டி போட்ட களை, ரெண்டு மாசம் போகட்டும் எண்டு சொல்லுறாங்கள். குட்டியளுக்கு இப்பவே ஏழு கிழமை.

மூதூர் றொட்டி:
ஏழு கிழமையில தாய் நல்லா நடக்கும். வேற இடம் பாருங்கோ.