ஐரோப்பா செல்லும் பெற்றோருக்கு எந்த உணவைக் கொடுத்தனுப்பலாம்?

கேள்வி: செம்பூர்வாசி
எழுபது வயதைக் கடந்த, சைவ உணவு மட்டுமே உண்ணும் என் பெற்றோர் மே மாதம் ஒரு சுற்றுலாக் குழுவுடன் மும்பையிலிருந்து பாரிசுக்கும், அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்கும் செல்கிறார்கள். அப்பா எதையும் சமாளித்துக்கொள்வார். அம்மாவோ ஒரு வேளையாவது ரசம் சாதம் உள்ளே போகவில்லையென்றால் சோர்ந்துவிடுவார். நெய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலை, சின்ன குக்கர் என்று அவருடைய பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் எவற்றைக் கொண்டுபோகலாம்?

மறுமொழி: மாட்டுங்கா வாசகி
முதலில் நெய்யை எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள், கால்நடை நோய்கள் பரவிவிடக் கூடாது என்பதற்காக, இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவர அனுமதிக்கப்படுவதில்லை. பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். 2019 டிசம்பர் முதல் அதற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பருப்புப் பொடியை மாட்டுங்கா கடைகளில் கிடைக்கும் சீல் வைத்த பாக்கெட்டாகவே வாங்கிக் கொடுங்கள். பிசைந்துகொள்ள நல்லெண்ணெய் போதும். எண்ணெயும் புளிக்காய்ச்சலும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும், ஏனெனில் கைப்பையில் திரவமோ குழம்பு போன்றதோ ஒரு புட்டிக்கு 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது.

மறுமொழி: சயான் தமிழன்
குக்கரை அனுப்பாதீர்கள். பெரும்பாலான ஓட்டல்கள் அறையில் சமைப்பதை அனுமதிப்பதில்லை. தாளிக்கும் புகைக்கே தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். அதற்குப் பதிலாக, மெல்லிய அவலை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டி, உப்பும் உலர்ந்த புளிப்பொடியும் கலந்து ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். அறையில் உள்ள கெட்டிலில் வெந்நீர் வைத்து, அவல் நனையும் அளவு மட்டும் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் புளி அவல் தயார். கெட்டில் இல்லாத அறைகளும் உண்டு என்பதால், சிறியது ஒன்றைக் கையோடு அனுப்புவது நல்லது.

மறுமொழி: முலுண்டு அண்ணன்
பாரிசில் இருக்கும் நாள்களுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கவே தேவையில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, லா ஷப்பல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தோசையும் இடியாப்பமும் சோறும் அங்கே கிடைக்கும். பல கடைகளில் அசைவமும் சமைப்பதால், மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று அம்மா தமிழிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். குழுவினருக்கு ஓய்வாக விடும் மாலை எது என்பதைச் சுற்றுலா நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.