எனக்குப் பிடித்த படங்களில் துக்கம் ஓங்கி ஒலிப்பதில்லை

பகிர்வு

பிடித்த படங்கள் எவை என்று யாராவது கேட்டால், பெயர்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவதே என் வழக்கமாக இருந்தது. அந்தப் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தபோதுதான், மொழியிலும் காலத்திலும் கதையிலும் ஒத்துப்போகாத அவை ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது தெரிந்தது. மனிதர்கள் உடைந்துபோகும் தருணத்தில் அந்தப் படங்கள் எல்லாமே ஓரடி விலகி நின்றுகொள்கின்றன. துயரத்தை அவை மறைப்பதில்லை. நம் மீது கொட்டுவதும் இல்லை.

இந்த ரசனை சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) எனக்குத் தொடங்கியது. நெடுநாள் கழித்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்துபோனதை அறியாமல், அவளுக்காக வாங்கிவந்த சேலையை மனைவியிடம் எடுத்து நீட்டுகிறார். சர்பஜயா அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வெடிக்கிறது. ஆனால் நம் காதில் விழுவது அவளுடைய குரல் அன்று, வில்லால் இசைக்கப்படும் தார் ஷெனாயின் உச்சஸ்தாயி. நான் முதலில் பார்த்தது கீறல்களும் இரைச்சலும் மிகுந்த ஒரு பிரதி. அந்த இரைச்சலையும் மீறி அந்த ஒலி என்னைத் தாக்கியது. அப்படத்தின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் சிதைந்துபோனது. எஞ்சியவற்றையும் வேறு பிரதிகளையும் கொண்டு மீட்டெடுத்த வடிவம் 2015-இல் வெளிவந்தது. அதில் சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகம் எவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததோ, அவ்வளவுக்கு அந்தக் குரலின் இன்மையும் உறைத்தது. மீட்டெடுப்பு என்பது பழைய படத்தைப் பளபளப்பாக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) தாயின் மரணமே திரையில் நிகழ்வதில்லை. இரவில் பிள்ளைகள் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். அடுத்து ஆளற்ற சில காட்சிகள் வந்துபோகின்றன. அதன் பிறகு நாம் பார்க்கும்போது அவர் முகத்தில் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. அவருடைய கணவரான கிழவர் வெளியே நின்று விடியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேடிவரும் மருமகள் நோரிகோவிடம், விடியல் அழகாக இருந்தது என்றும் இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்றும் மட்டுமே சொல்கிறார். குலுங்கி அழும் மூத்த மகளோ, சடங்கு முடிந்த சிறிது நேரத்திலேயே அம்மாவின் உடைகளில் எதை நினைவாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேசத் தொடங்குகிறாள். ஓசு அவளைக் கண்டிக்கவில்லை என்பது அந்தப் படத்தை என் பட்டியலின் உச்சியில் நிறுத்தியிருக்கிறது.

தமிழில் எனக்கு இந்த இடத்தில் இருப்பவை பாலு மகேந்திராவின் ‘வீடு’ம் (1988), மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளும் (1979). ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, பாதி எழும்பிய வீட்டைத் தனியாகச் சென்று பார்க்கிறார். அங்கே அவருக்கு உண்டாகும் மகிழ்ச்சியைத்தான் இயக்குநர் நிதானமாகக் காட்டுகிறாரே அன்றி, திரும்பும் வழியில் நேரும் சாவை அன்று. பாடலே இல்லாத அப்படத்துக்குப் பின்னணியாக அமைந்தது, இளையராஜா ஏற்கெனவே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை. காட்சிக்கென்று எழுதப்படாத இசை என்பதாலேயே அது நம்மை அழும்படி ஏவுவதில்லை என்று எனக்குத் தோன்றும். ‘உதிரிப்பூக்க’ளின் முடிவைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. தன் கொடுமைகளுக்காக ஆற்றில் மூழ்கிச் சாகும்படி ஊராரால் தண்டிக்கப்படுபவன் ஆற்றில் இறங்குவதற்கு முன், தண்டிக்கும் ஊராரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதாகச் சொல்லும் அந்த நொடியில் பார்ப்பவருக்கு நிற்க இடமில்லாமல் போகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி

வணக்கம். தங்கள் பட்டியலில் உள்ள படங்கள் அனைத்தும் எனக்கும் நெருக்கமானவையே. ஆனாலும், அடக்கம் என்பது உயர்ந்த ரசனையின் அடையாளமாகவே நிலைபெற்றுவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஏனென்றால் என்னைச் சினிமாவுக்குள் இழுத்துக்கொண்ட படம் ஓங்கி அலறுகிற படம்.

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே தக்க தாரா’ (1960) தேசப் பிரிவினையில் வேரிழந்து வந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. மூத்த மகள் நீதா தன் சம்பளத்தையும் படிப்பையும் காதலையும் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இறுதியில் காசநோயாளியாக மலைப்பகுதி மருத்துவ நிலையம் ஒன்றில் இருக்கிறாள். பார்க்கவரும் அண்ணன் சங்கர், வீடு இப்போது செழிப்பாக இருப்பதைச் சொல்லிக்கொண்டே போகையில், தான் வாழ விரும்பியதாக அவள் கதறிவிடுகிறாள். அந்தக் குரல் மலைகளில் மோதி எதிரொலிக்கிறது. இதை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏறக்குறைய நீதாவின் வயது. வீட்டுப் பொறுப்பும் ஏறக்குறைய அதேதான். அன்றைக்கு யாராவது நாசூக்காக விலகி நின்று என் நிலையை எனக்குக் காட்டியிருந்தால், அது என்னைப் பற்றியது என்பதே எனக்குப் புரியாமல் போயிருக்கும். அதே படத்தில் நீதா நொறுங்கும் இடங்களில் ஒலிப்பதிவில் சாட்டையடி ஓசை விழுகிறது. மிகையான உத்திதான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வாய்மூடிச் செய்துவந்த ஒன்றைப் பற்றிய படம் எதற்காக வாய்மூடி இருக்க வேண்டும்?

மற்றொரு மறுமொழி

நான் அழுகைப் படங்களுக்கு ஆள் இல்லை; சிரிப்புக்குத்தான். இருந்தாலும் விலகி நிற்கும் கேமரா என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மீது விழ, மேல்மாடிச் சன்னலின் திறப்புக்குள் அவர் அகப்பட்டு நின்றபடியே தப்புகிறார். சுவர் உண்மையானது, கீட்டனும் உண்மையாகவே அங்கே நின்றார். அண்மைக்காட்சியாக வெட்டியிருந்தால் சிரிப்பும் வந்திருக்காது, பயமும் வந்திருக்காது. நான் விரும்பிப் பார்க்கும் நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலானவை இப்படி முழு உருவத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் ஒருங்கே காட்டுபவை. முகத்தை மட்டும் காட்டி வசனத்தால் சிரிக்கவைப்பவை எனக்கு இரண்டாம் முறை தாங்குவதில்லை.

பகிர்ந்தவரின் பதில்

இருவருக்கும் நன்றி. கீட்டன் எடுத்துக்காட்டு மிகப் பொருத்தமானது. அதை என் பட்டியலிலேயே வைத்துக்கொள்கிறேன்.

கட்டக்கைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த மலைக்காட்சியை மறுபடியும் பார்த்தேன். நீதா கதறத் தொடங்கியதும் கேமரா அவளை விட்டுவிட்டு மலைகளின் மேல் சுழல்கிறது. முகம் போய்விடுகிறது, குரல் மட்டும் தொடர்கிறது. ரேயிடம் நடப்பது இதற்கு நேர்மாறு: முகம் இருக்கிறது, குரல் எடுக்கப்படுகிறது. இரண்டு வங்காள இயக்குநர்களும், ஐந்தாண்டு இடைவெளியில், ஒரு பெண்ணின் அழுகையை முகமும் குரலுமாக முழுமையாகத் தர மறுத்திருக்கிறார்கள். ஆகவே ‘மேகே தக்க தாரா’வை அலறுகிற படம் என்று தங்களைப்போல் நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரல் அவளிடமிருந்து பிரிந்து மலைகளுக்குப் போய்விடுவதால்தான் அது ஒருத்தியின் அழுகையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

சாட்டையொலியை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. நீதாவாக நடித்த சுப்ரியா சௌத்ரியின் முகம் அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது.